வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு: சொல்லாமல் விளையாட வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வீட்டில் என்ன இருக்கலாம்?

பள்ளி விட்டதும், சனி ஞாயிறுகளிலும் பிள்ளைகள் கூட்டமாக ஒரு வீட்டுக்குள் நுழைவது எல்லாக் குடியிருப்பிலும் நடப்பதுதான். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும் வழக்கமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. அந்த நேரத்துத் தீனி பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே. அளவுகளில் ஒரு கப் என்பது 200 மில்லி டம்ளர். ஆறு முதல் பத்து வயதுக்குள் ஐந்து பிள்ளைகள் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறோம்.

எதைக் கைவசம் வைத்துக்கொள்வது என்று எப்படி முடிவு செய்வது?

ஒரே ஒரு சோதனை போதும். யாரும் வராவிட்டாலும் அந்தப் பொருள் உங்கள் வீட்டில் செலவாகுமா? ஆகும் என்றால் வாங்குங்கள். "யாராவது வந்தால் ஆகும்" என்று தனியாக வாங்கி மேல் அலமாரியில் ஒளித்து வைக்கும் பாக்கெட்டுகளை நம் வீட்டுப் பிள்ளையே கண்டுபிடித்துத் தீர்த்துவிடும். தப்பினால் தேதி கடந்து குப்பைக்குப் போகும்.

அதனால், தயார்ப் பண்டமாக வாங்கி அடுக்குவதைவிட, வீட்டுச் சாமானிலேயே பாதி வேலையை முடித்து வைப்பது நல்லது. அரைத்து வைத்த பொட்டுக்கடலை மாவு, வேகவைத்து ஃப்ரீசரில் போட்ட கொண்டைக்கடலை, குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் தோசை மாவு, டப்பாவில் பொரியும் அவலும். மீதிப் பாதி வேலை பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குள் ஒரு சண்டை வந்து சமாதானமும் ஆகியிருக்கும்.

இன்னொன்று, கையால் எடுத்துத் தின்கிற மாதிரி இருக்கட்டும். ஸ்பூன் வேண்டிய பண்டம் என்றால் அதற்குத் தட்டு வேண்டும், உட்கார இடம் வேண்டும், சிந்தினால் துடைக்க ஆள் வேண்டும்.

இப்போதே வந்து நிற்கிறார்கள், எதுவும் தயாராக இல்லை. ஐந்து நிமிடத்தில் என்ன கொடுக்கலாம்?

முதலில் தண்ணீர். வெயிலில் ஓடி வந்த பிள்ளை "பசிக்குது" என்று சொல்வதில் பாதி தாகம்தான். ஒரு சொம்பும் டம்ளர்களும் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் "ஆன்ட்டி, தண்ணி" என்று ஐந்து முறை உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

அதோடு வாழைப்பழம். இல்லையென்றால் அவல். மெல்லிசு அவல் 2 கப் எடுத்து, கையால் தண்ணீரைத் தெளித்துப் பிசிறுங்கள். அதற்கு ஊறல் தேவையில்லை. அரை கப் வெல்லத்தூள், அரை கப் தேங்காய்த் துருவல், ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டுக் கலந்தால் முடிந்தது. கெட்டி அவல் என்றால் ஒரு முறை அலசி, தண்ணீரை வடித்துவிட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். நகத்தால் கிள்ளினால் நடுவில் வெள்ளைக் கரு இல்லாமல் நசுங்க வேண்டும். பெரும்பாலும் நடக்கிற தவறு, மெல்லிசு அவலைக் கெட்டி அவல் என்று நினைத்துத் தண்ணீரில் போட்டுவிடுவது. இரண்டே நிமிடத்தில் கூழாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் தயிர், உப்பு சேர்த்துக் கடுகு தாளித்துத் தயிர் அவலாக்கிவிடுங்கள்.

தோசை மாவு எப்போதும் இருக்கிறது. தோசை ஊற்றிக் கொடுத்தால் போதாதா?

ஐந்து பேருக்குத் தோசை ஊற்ற நின்றால் கடைசிப் பிள்ளைக்குத் தோசை போகும்போது முதல் பிள்ளைக்கு மறுபடி பசித்திருக்கும். பணியாரக் கல்லை எடுங்கள். ஒரு ஈட்டுக்கு ஏழு விழும், கையால் தின்னலாம், தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாவிட்டாலும் போகும். மூன்று நாள் ஆகி லேசாகப் புளித்த மாவு தோசைக்குச் சுமார்தான். பணியாரத்துக்கு அதுதான் சரி.

இரண்டரை கப் மாவுக்கு ஏறக்குறைய இருபது பணியாரம் வரும், ஆளுக்கு நான்கு. ஒரு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலையோடு எண்ணெயில் வதக்கி மாவில் கொட்டுங்கள். ஒரு கேரட்டைத் துருவிப் பச்சையாகவே சேர்க்கலாம். பச்சை மிளகாய் வேண்டாம். அது எந்தப் பிள்ளையின் வாயில் அகப்படும் என்று சொல்ல முடியாது.

கல் நன்றாகக் காய வேண்டும். குழிக்கு அரை டீஸ்பூன் எண்ணெய், முக்கால் குழி அளவுக்கு மாவு, மூடி போட்டு மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம். மேல்புறம் ஈரம் போய் சின்னச் சின்னத் துளை தெரிந்ததும் குச்சியால் ஓரத்தைக் கிளப்பித் திருப்புங்கள். அடுத்த பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும்.

வெளியே சிவந்து உள்ளே மாவாக இருந்தால் தீ அதிகம், அல்லது குழியை முழுக்க நிரப்பிவிட்டீர்கள். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் கல் காயவில்லை, அல்லது மாவு தண்ணீராக இருக்கிறது; இரண்டு மேசைக்கரண்டி ரவை சேர்த்து ஐந்து நிமிடம் விட்டால் மாவு இறுகும். மாவில் புளிப்பு தூக்கலாக இருந்தால் இனிப்புப் பணியாரமாக மாற்றிவிடலாம். ஒரு கப் மாவுக்கு மூன்று மேசைக்கரண்டி வெல்லத்தூள் போட்டால் மாவு இளகும், அதனால் இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவும் சேருங்கள். வெல்லம் சீக்கிரம் கருகும். தீயைக் குறைத்தே வையுங்கள். புளிப்பு என்பது வேறு, கெட்டுப்போன வாடை என்பது வேறு. நிறம் மாறிய, பூசணம் தெரிகிற மாவை எதைப் போட்டும் காப்பாற்ற முடியாது.

இனிப்பு கேட்பார்கள். சாக்லெட் கொடுக்க மனமில்லை. சட்டென்று என்ன செய்யலாம்?

மாலாடு. பாகு பதம் பார்க்கத் தேவையில்லை, வறுக்கத் தேவையில்லை. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டதுதான்.

முன்கூட்டிச் செய்ய வேண்டியது: ஒரு கப் பொட்டுக்கடலையை மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். முக்கால் கப் சர்க்கரையை மூன்று ஏலக்காயோடு தனியாகப் பொடியுங்கள். இரண்டையும் கலந்து, சூடு முழுக்க ஆறிய பிறகு ஈரமில்லாத டப்பாவில் போடுங்கள். இந்தக் கலவை ஒரு மாதம் வரை அப்படியே நிற்கும். சலிக்காமல் விடக்கூடாது. குருணை இருந்தால் உருண்டை அந்த இடத்தில் விரிசல் விட்டு உடையும்.

பிள்ளைகள் வந்ததும் கலவையைத் தாம்பாளத்தில் கொட்டி நடுவில் குழி செய்யுங்கள். கால் கப் நெய்யை நன்றாகச் சூடாக்கிக் குழியில் ஊற்றினால், விழுந்த இடத்தில் லேசாக நுரை கட்ட வேண்டும். முதலில் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் விரல் நுனியால் கட்டி இல்லாமல் பிசறுங்கள். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தினால் விரல் தடம் பதிந்து நிற்க வேண்டும். உதிர்ந்தால் இன்னும் ஒரு டீஸ்பூன் சூடான நெய். ஆறிப்போன நெய்யை எவ்வளவு ஊற்றினாலும் உருண்டை பிடிபடாது. அதைத் தெரியாமல் மேலும் மேலும் ஊற்றுவார்கள், பிறகு உருண்டை தட்டில் உட்கார்ந்து அடையாகப் பரவும். அப்படிப் பரவினால் இரண்டு கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிசைந்து பத்து நிமிடம் விட்டுப் பிடியுங்கள்.

எலுமிச்சை அளவில் பத்துப் பன்னிரண்டு வரும். முந்திரியை வறுத்துப் போடுவது வழக்கம்தான். ஆனால் ஊரார் பிள்ளைகளுக்கு என்னும்போது முந்திரி இல்லாமல் செய்வதே மேல். காரணம் கீழே வருகிறது.

பொரி வாங்கினால் இரண்டு நாளில் நமத்துப் போகிறது. என்ன செய்வது?

வெறும் இரும்புச் சட்டியில், எண்ணெய் இல்லாமல், சின்னத் தீயில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டுங்கள். சூடாக இருக்கும்போது மொறுமொறுப்பு தெரியாது. ஆற விட்டு இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பாருங்கள், நொறுங்க வேண்டும். ஆறிய பிறகுதான் மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து, செய்த வேலை வீண்.

இதையே காரப்பொரியாக்கி வைத்தால் ஒரு வாரம் ஓடும். இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, தோலோடு தட்டிய நான்கு பல் பூண்டு, ஒரு வரமிளகாய், கறிவேப்பிலை. பூண்டு சிவந்து ஈரம் போனதும் அடுப்பை அணைத்து, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு, எட்டு கப் பொரி போட்டுப் புரட்டுங்கள். அடுப்பு எரியும்போது மஞ்சள்தூளைப் போட்டால் கருகிக் கசக்கும். பூண்டில் ஈரம் மிச்சமிருந்தால் டப்பா முழுவதும் மறுநாளே நமத்துவிடும்.

வெங்காயம், தக்காளி, எலுமிச்சைச் சாறு போட்ட மசாலாப் பொரி வேறு கதை. ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. பிள்ளைகளை உட்கார வைத்த பிறகு கலக்குங்கள், உட்காருவதற்கு முன்னால் அல்ல.

ஃப்ரீசரில் எதை வைத்தால் உண்மையிலேயே பயன்படும்?

வேகவைத்த கொண்டைக்கடலை, ரொட்டி, உரித்த சோளமுத்து. இந்த மூன்றுக்கு மேல் சிறிய ஃப்ரீசரில் இடமும் இருக்காது.

ஒரு கப் கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, உப்புப் போட்டுக் குக்கரில் ஐந்து விசில் விட்டு வடித்தால் இரண்டரை கப் அளவுக்கு வரும். ஐந்து பேருக்குச் சரி. ஈரம் போக ஒரு துணியில் பரப்பி, தட்டில் ஒரே அடுக்காக வைத்து இரண்டு மணி நேரம் உறைய விட்டுப் பிறகு பையில் போடுங்கள். நேராகப் பையில் போட்டால் ஒரே கல்லாக இறுகி, வேண்டிய அளவு எடுக்க உலக்கை தேவைப்படும். எடுத்ததும் கொதிக்கும் தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் போட்டு வடித்து, தாளித்துத் தேங்காய் தூவினால் சுண்டல்.

ரொட்டியைத் துண்டுகளாகவே உறைய வையுங்கள். உருக விடாமல் நேராகத் தோசைக்கல்லில் போடலாம். நெய் தடவி, காரம் குறைந்த இட்லிப்பொடி தூவி, விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுத்தால் ஜாம் தடவியதைவிட வேகமாகக் காலியாகும்.

குடிக்க என்ன வைத்திருக்கலாம்?

எலுமிச்சை சர்பத். 2 கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர் கொதிக்க விட்டுக் கரைந்ததும் இறக்கி முழுக்க ஆற வையுங்கள். பிறகு வடிகட்டிய ஒரு கப் எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும். கண்ணாடிப் புட்டியில் குளிர்சாதனப் பெட்டிக்குள் மூன்று வாரம் இருக்கும். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்தால் சரியாக இருக்கும். கசந்தால், பாகு சூடாக இருக்கும்போதே சாற்றை ஊற்றியிருப்பீர்கள், அல்லது பிழியும்போது விதை நசுங்கியிருக்கும்.

தயிர் இருந்தால் மோர். ஒரு கப் தயிருக்கு மூன்று கப் தண்ணீர். இஞ்சியைப் பெரியவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்கட், நூடுல்ஸ் கொடுத்தால் தவறா?

தவறில்லை. ஒரு நாள் கொடுத்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. க்ரீம் பிஸ்கட்டில் ஒரு தொல்லை உண்டு: க்ரீமை நக்கிவிட்டு மீதியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவார்கள், அரை மணியில் எறும்பு வரிசை கட்டும். நூடுல்ஸ் ஐந்து பேருக்கு வேக வைத்துப் பரிமாறுவதற்குள் முதல் தட்டு ஒட்டிப் போகும். இரண்டு பாத்திரத்தில் பிரித்து வேக வைத்தால் சமாளிக்கலாம்.

ஒவ்வாமை இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? கேட்டால் தவறாக நினைப்பார்களோ?

நினைக்க மாட்டார்கள். கேட்காமல் கொடுத்து ஏதாவது ஆனால்தான் வம்பு. வாட்ஸாப்பில் இரண்டு வரி போதும்: "பாப்பா எங்க வீட்டில்தான் விளையாடுறா. சாயங்காலம் பணியாரமும் மாலாடும் குடுக்கப் போறேன். ஏதாவது சேராதா?" பண்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக "என்ன சாப்பிடுவா?" என்று கேட்டால் "எல்லாம் சாப்பிடுவா" என்ற பதில்தான் வரும்.

அதிகம் கவனிக்க வேண்டியவை வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை, கோதுமை, எள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு "கடலையைப் பொறுக்கிவிட்டுக் கொடுத்தேன்" என்பது போதாது. அது கலந்திருந்த பொரியில் ஒட்டிய தூளே போதும். கரண்டியும் சட்டியும்கூடத் தனியாக இருக்க வேண்டும். தின்றதும் உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சு இழுப்பது என்று எதைக் கண்டாலும் முதலில் 108, அடுத்து பெற்றோர்.

சைவம், அசைவம், விரதம் இதெல்லாம் பார்க்க வேண்டுமா?

பார்க்கத்தான் வேண்டும், அதுவும் பிள்ளையிடம் கேட்டால் போதாது. "நான் முட்டை சாப்பிடுவேன்" என்று எட்டு வயது சொல்லும். அது வீட்டுக்கு வெளியே மட்டும் இருக்கலாம். புரட்டாசி முழுக்க அசைவம் தொடாத வீடுகள் உண்டு. கார்த்திகை, மார்கழியில் அப்பா மாலை போட்டிருந்தால் வீடே சைவம். சமணக் குடும்பங்கள் பலவற்றில் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கிடையாது. முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜெல்லி, மார்ஷ்மெல்லோ கொடுக்கும் முன் பாக்கெட்டில் ஜெலட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். கேக்கு வாங்கினால் குறியைக் கவனியுங்கள்: பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம், பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முட்டை சேர்ந்ததும் அசைவக் கணக்கில்தான் வரும், பால் வராது.

இந்த மேலே சொன்ன எல்லோருக்கும் பொதுவாகச் செல்லுபடியாவது வெல்ல அவலும் பழமும்தான். சந்தேகம் வந்தால் அதற்குப் போய்விடுங்கள்.

கூடவே மூன்று வயதுத் தம்பியும் வருகிறான். அவனுக்கும் அதையே கொடுக்கலாமா?

கொடுக்கக்கூடாதவை பல. முழு வேர்க்கடலை, முழு பொட்டுக்கடலை, முழுக் கொண்டைக்கடலை, கடலை மிட்டாய், பாப்கார்ன், உருண்டை மிட்டாய், முழுத் திராட்சை ஆகியவற்றை ஐந்து வயதுக்குக் கீழே தவிர்ப்பது நல்லது. மூச்சுக்குழாயில் போய் அடைக்கும் அளவும் வழுவழுப்பும் இவற்றுக்கு உண்டு. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும், பயனில்லை. கொண்டைக்கடலையை நசுக்கிக் கொடுக்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

அதைவிட முக்கியம், உட்கார்ந்து தின்ன வைப்பது. வாயில் பண்டத்தோடு ஓடுவதும் சிரிப்பதும்தான் ஆபத்து. பெரிய பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்: "பாயில் உட்கார்ந்தால்தான் தட்டு" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பழகிவிடுவார்கள்.

அடைத்துக்கொண்டால், பிள்ளை பலமாக இருமுகிறவரை இருமட்டும். கண்ணுக்குத் தெரியாததைத் தேடி வாய்க்குள் விரலை விடாதீர்கள், உள்ளே தள்ளிவிடும். பேச்சும் அழுகையும் வராமல் திணறினால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்பக்கம் குனிய வைத்து, இரு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வராவிட்டால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேல் முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யும்போதே இன்னொருவர் 108க்குப் பேசட்டும்.

டப்பாவில் எறும்பு, ரவையில் வண்டு. சேர்த்து வைக்கவே பயமாக இருக்கிறதே?

நிறையச் சேர்த்து வைக்காததுதான் முதல் வைத்தியம். ரவை, அவல் அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். ரவையை வாங்கிய அன்றே நிறம் மாறாமல் ஏழெட்டு நிமிடம் வறுத்து ஆற வைத்து மூடினால் வண்டு வருவது குறையும். உப்புமாவும் கட்டி தட்டாது. அவலை வறுக்க வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். முறுக்கு, தட்டை, சிப்ஸ் போன்றவற்றை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் பிள்ளைகளுக்கு வேண்டாம். பல நேரம் பண்டம் கெடும் முன்பே டப்பா மூடியின் ரப்பரில் அந்த வாடை ஏறியிருக்கும். கழுவி வெயிலில் காய வைக்காமல் புதுச் சரக்கைப் போட்டால் அதிலும் தொற்றிக்கொள்ளும்.

ஏழு மணி ஆகியும் போகவில்லை. இரவுச் சாப்பாடும் நம் பொறுப்பா?

ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இருக்கட்டும் என்றால் தயிர்சாதம்தான் கைகொடுக்கும்: ஒரு கப் அரிசியைக் குழைய வடித்து, முக்கால் கப் பாலும் அரை கப் தயிரும் சேர்த்துப் பிசைந்தால் இரண்டு மூன்று பிள்ளைகள் சாப்பிடலாம். சாதம் சூடு தணிந்த பிறகு தயிரைச் சேருங்கள். கொதிக்கக் கொதிக்கச் சேர்த்தால் திரிந்துபோகும்.

இல்லை, அவரவர் வீட்டில்தான் சாப்பாடு என்றால் ஐந்தரைக்கு மேல் தீனித் தட்டை வெளியே எடுக்காதீர்கள். "உங்க வீட்டுக்கு வந்தா ராத்திரி சோறே இறங்க மாட்டேங்குது" என்று அடுத்த வாரம் படிக்கட்டில் கேட்க வேண்டி வரும்.

போகும்போது கையில் ஏதாவது கொடுத்து அனுப்பலாமா?

ஒரு மாலாடு, காகிதத்தில் சுற்றி. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் பெருமைதான், ஆனால் அக்கா பையிலிருந்து அது தவழும் தம்பி கைக்குப் போக ஒரு நிமிடம் போதும். சுண்டலோ மோரோ டிபன் பாக்ஸில் கொடுத்து அனுப்பாதீர்கள். அந்த டிபன் பாக்ஸ் திரும்பி வராது.